கோரைப்பல்லுக்கு வந்த ஜாஹா

இர்பித் ஊரில் வாயைத் திறக்கச் சொன்னால் எல்லாரும் திறப்பார்கள், சொன்னதைத்தான் ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பது டாக்டர் மைசூனின் முடிவான அபிப்பிராயம். கோணல் பற்களுக்குக் கம்பி கட்டியே தலை நரைத்தவள் அவள். தன்னிடம் வருகிறவர்கள் மீது ஒரு காலத்தில் அவளுக்குப் பரிதாபம் இருந்தது. அது எப்போதோ தேய்ந்துபோய், இப்போது சுத்தமான இளக்காரம்தான் மிச்சம்.

கம்பி கட்டும் அன்று அவள் பாடுவது ஒரே பாட்டு. கெட்டியானதைக் கடிக்காதே. சாப்பிட்ட கையோடு பல் விளக்கு. சொன்ன நாளில் வந்து நில். கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதே. ராத்திரிதோறும் ரிடெய்னரை மாட்டிக்கொண்டு படு, இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடையைக் கட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மண்டையை ஆட்டுவார்கள். பிறகு ஒருவன் ரிடெய்னரைக் காகிதத்தில் சுற்றி மன்ஸஃப் கறிச்சோற்றுத் தாம்பாளத்தின் ஓரமாக வைத்து, மிச்சச் சோற்றோடு சேர்த்துக் கோழிகளுக்குக் கொட்டியிருப்பான். இன்னொருத்தி இரண்டு வருஷம் கழித்து வந்து, "நீங்க சரி பண்ணின பல்லு திரும்பவும் கோணிக்கிச்சே டாக்டர்" என்று நியாயம் கேட்பாள். ரிடெய்னர் எங்கே என்றால் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். "அப்போ அலமாரிக்குப் பல்லு நல்லா வரிசையா இருக்குமே" என்பாள் மைசூன்.

எல்லாரிலும் மட்டமானவர்கள் விதை கொறிக்கிறவர்கள். நாலு பேர் கூடினால் நடுவில் வறுத்த தர்பூசணி விதைத் தட்டு வந்து உட்கார்ந்துவிடும். முன்பல்லுக்கு நடுவே நிறுத்தி, ஒரே கடியில் பிளந்து, பருப்பை நாக்கால் இழுத்துக்கொண்டு, தோலைத் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். பல்லில் ஒட்டிய பிராக்கெட், கம்பியைத் தாங்கிப் பிடிக்கிற அந்தச் சின்ன உலோகத் துண்டு, இந்த அக்கிரமத்தை எத்தனை நாள் தாங்கும்? ஒன்று பெயர்ந்தால் அந்தப் பல் நகர்வது நின்றுவிடும். சில சமயம் பின்னாலும் போகும். ஒரு மாத வேலை வீண்.

இந்தக் கூட்டத்துக்கே தலைவி அரீஜ் என்கிற பெண். கல்லூரி முடித்தவள், படித்தவள், பார்த்தால் அசடு மாதிரியும் இல்லை. ஆனால் மாதம் தவறாமல், பெயர்ந்த பிராக்கெட்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

"திரும்பவும் விதையா?"

அரீஜ் தலையை ஆட்டுவாள்.

"கொஞ்சமாவது வெட்கம் இருக்கா உனக்கு? நாக்கு அந்த அளவுக்கு நமநமங்குதா? நான் ஒட்டறதும் நீ கடிச்சுத் துப்பறதும், நல்ல பொழப்பு!"

பெண் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொள்வாள். மைசூன் வைதபடியே ஒட்டுவாள். இத்தனைக்கும் அரீஜின் வாய் அக்கறையாகப் பார்க்கவேண்டிய வாய். மேல்வரிசையில் வலது பக்கத்துக் கோரைப்பல் முளைக்கவேண்டிய இடத்தில் முளைக்காமல், அண்ணத்துக்குள் படுத்துக் கிடந்தது. ஈறைத் திறந்து, அதில் ஒரு பொடிச் சங்கிலியை ஒட்டி, அதன் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள் மைசூன். அடம்பிடிக்கிற ஆட்டைக் கயிறு போட்டு இழுக்கிற வேலை. பல் பாதி வழிக்கு வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் உம் முஹன்னத் மூக்கை நுழைத்தாள்.

உம் முஹன்னத், அதாவது முஹன்னத்தின் தாய், அரீஜுக்கு மாமியாராக வரப்போகிறவள். ஃபாத்திஹா ஓதி, மோதிரம் போட்டு நிச்சயம் ஆயிற்று. கம்பி கழன்ற பிறகு கல்யாணம் என்று பெண்ணின் தகப்பன் சொல்லியிருந்தார். சரி என்றுதான் அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனால் மாதங்கள் போகப் போக அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அரீஜோடு தானும் மருத்துவமனை அறைக்குள் நுழைந்து, கைப்பையை மைசூனின் கருவித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"டாக்டரம்மா, மண்டபம் பார்த்தாச்சு. இந்தக் கோடையிலேயே முடிச்சிரலாம்னு இருக்கோம். இந்த இரும்பையெல்லாம் கழட்டி விட்ருங்க."

"பைய எடுங்க முதல்ல. இந்தக் கோடையா? அடுத்த கோடைன்னா யோசிக்கலாம்."

"வீடியோல பொண்ணு சிரிச்சா கம்பியில்ல முன்னாடி வந்து நிக்கும்! சனங்க என்ன பேசும்? முஹன்னத்தோட பொண்டாட்டி வாயில வேலி போட்டிருக்குன்னு பேசாதா?"

"பேசட்டும். அவளோட கோரைப்பல் பாதி வழியில நிக்குது. இப்ப விட்டா அது அங்கேயே நின்னுரும். அதுக்குன்னு திறந்து வச்ச இடத்தைப் பக்கத்துப் பல்லுங்க வந்து அடைச்சிரும். உள்ள கிடக்கற பல்லு அடுத்த பல்லோட வேரை அரிச்சாலும் அரிக்கும். அப்புறம் வீடியோல என்ன தெரியும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க."

"அண்ணத்துக்குள்ள கிடக்கற பல்ல எவ வந்து பார்க்கப்போறா? கல்யாணம் முடியட்டும், திரும்ப மாட்டிக்கிட்டாப் போச்சு."

கல்யாணத்துக்காகக் கழற்றிய கம்பி திரும்ப வந்து ஏறியதாக மைசூன் கேள்விப்பட்டதே இல்லை. முதலில் விருந்து, பிறகு வாந்தி, பிறகு பிள்ளை, பிறகு இன்னொரு பிள்ளை. ஒருநாள் ஓட்டைப் பல்லோடு வந்து, அன்றைக்கே நீங்கள் சொல்லியிருக்கலாமே என்பார்கள்.

"முடியாது" என்றாள். "என் கையால அது நடக்காது. நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது."

இவ்வளவும் அரீஜின் முகத்துக்கு மேலாகவே நடந்தது. அவள் வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். இருவரில் ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை.

உம் முஹன்னத் பையை எடுத்துக்கொண்டாள். "உங்ககிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல டாக்டரம்மா. பேச வேண்டிய இடத்துல பேசிக்கறேன்."

பேச வேண்டிய இடம் எது என்பது அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மைசூன் அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் வரிசையாகக் கார்கள் நின்றன. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தாள். பிறகு உள்ளேயிருந்து இருமலும் பாராட்டுமாக வந்த ஆண்குரல்களைக் கேட்டதும், சாவு இல்லை, அதைவிட மோசமான ஏதோ ஒன்று என்று புரிந்தது. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் புகுந்து, நடைபாதைத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

ஜாஹா வந்திருந்தது. பெண் கேட்கவும் கொலைப்பழி தீர்க்கவும் ஊர்ப் பெரியவர்கள் திரண்டு வருவார்களே, அதே ஜாஹா. சுவர் ஓரமெல்லாம் தலைத்துணியும் கறுப்பு அங்கியுமாகப் பெரிய மனிதர்கள். நடுநாயகமாக, உம் முஹன்னத் குடும்பத்துக்கு மூத்தவரான ஹாஜி ஃபவ்வாஸ். அவர் கையில் கொடுத்த கசப்புக் காப்பியைக் குடிக்காமல், எதிரே மேசைமேல் வைத்துவிட்டார். கேட்டது கிடைக்கும்வரை அந்தக் கோப்பையை அவர் தொட மாட்டார், அவர் தொடாதவரை வேறு யாரும் குடிக்க மாட்டார்கள். காப்பி ஆறிப்போய் விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டுக்குத் தலைமுறைக்கும் மானக்கேடு. இந்தச் சடங்குக்கு முன்னால் செத்தவனின் வீட்டாரே கொலைகாரனை மன்னித்திருக்கிறார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தது அத்தல்லா, மைசூனின் கணவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆய்வாளர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரை எழுந்து நின்று வரவேற்க ஒரு வகுப்பும் இல்லை. இன்று வீடு நிறைய ஆட்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் முகத்தில் அப்படி ஒரு களை.

ஹாஜி ஃபவ்வாஸ் தொண்டையைச் செருமினார். "அத்தல்லா, உங்க வீட்டு வாசலை மிதிச்சவங்க வெறுங்கையோட போனதில்ல. உங்க தகப்பனார் காலத்துலேர்ந்து நமக்குத் தெரியும். நாங்க கேக்கறது பெரிசில்ல. எங்க மருமக வாயில உங்க வீட்டுல கட்டின கம்பி. அதை உங்க வீட்டுலயே அவிழ்த்து விடணும்."

மைசூனுக்குச் சிரிப்பு வந்து தொண்டையில் அடைத்தது. கம்பியை இந்த வீட்டில் கட்டினார்களாம்! வீட்டுக் கொட்டிலில் கட்டிய கழுதையா அது? அத்தல்லாவுக்குக் கடைவாய்ப் பல் எது, கோரைப்பல் எது என்று தெரியாது. தன் பல்செட்டை எந்த டம்ளரில் போட்டோம் என்பதே தினமும் காலையில் அவருக்கு ஞாபகம் இருக்காது. அந்த மனிதரிடம் போய் ஒரு பெண்ணின் பல்லை யாசகம் கேட்க இத்தனை தாடிகள்.

ஒரு நொடி அத்தல்லா தயங்கினார். தயங்கியதைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது. பிறகு அவர் மார்பில் கை வைத்தார்.

"காப்பியக் குடிங்க ஹாஜி. நீங்க கேட்டது கிடைச்ச மாதிரிதான்."

எல்லாக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. உறிஞ்சுகிற சத்தம் நடைபாதைவரை கேட்டது.

கார்கள் போன பிறகு மைசூன் கூடத்துக்கு வந்தாள். அத்தல்லா காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்காமல்.

"ஏங்க, எப்பலேர்ந்து பல் டாக்டர் ஆனீங்க?"

"மைசூன், நீ நடந்ததைப் பார்க்கல. ஹாஜி ஃபவ்வாஸே வந்து கோப்பைய வச்சிட்டார். நான் என்ன பண்றது?"

"'அது என் பொண்டாட்டி வேலை, அவளைக் கேளுங்க'ன்னு சொல்றது. ஒரு வரி. பரீட்சையில பசங்ககிட்ட பக்கம் பக்கமா எழுதச் சொல்லி உயிரை எடுத்தீங்களே, உங்களால ஒரு வரி சொல்ல முடியலையா?"

"ஆம்பளைங்க சபையில பொம்பளையக் கேளுங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"பொம்பளை வாயில இருக்கற பல்லுக்கு ஆம்பளைங்க சபை கூடலாம். அதுக்கு வெட்கமில்ல உங்களுக்கு."

"வாக்குக் குடுத்தாச்சு. இனி நீ மறுத்தா நான் ஊருக்குள்ள எப்படி நடப்பேன், சொல்லு" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது.

அதுதான் அவளை மடக்கியது. கோபித்திருந்தால் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் ஆலிவ் எண்ணெயில் ரொட்டியைத் தோய்த்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தார். மைசூன் பாத்திரங்களை உருட்டினாள். மனசுக்குள் கணக்கு வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. யாருடைய பல்லுக்காக நான் மல்லுக்கு நிற்கிறேன்? மாதாமாதம் விதையைக் கடித்துத் துப்பிவிட்டு வந்து நிற்கிற கழுதைக்காகவா? தன் வாயைத் தானே மதிக்காதவளுக்கு நான் எதற்கு வீட்டில் சண்டை போட வேண்டும்? கழற்றித் தொலைக்கிறேன். ஓட்டைப் பல்லோடு கல்யாண மேடையில் உட்காரட்டும். தகுதிக்கு ஏற்ற பல் கிடைத்தது என்று இருக்கட்டும்.

இப்படி நினைத்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. இளக்காரம் எவ்வளவு சுலபமாக வேலையைக் குறைக்கிறது!

குறித்த நாளில் உம் முஹன்னத் ஊர்வலமாக வந்தாள். அவளுடைய நாத்தனார்கள் இரண்டு பேர், ஒரு பெரிய பெட்டி நிறைய பக்லாவா இனிப்பு. வாக்கு நிறைவேறுவதைக் கண்ணால் பார்க்க அத்தல்லாவும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து, காத்திருக்கும் அறையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நாத்தனார்கள் குலவையிட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மைசூன் அரீஜை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். வழக்கம்போல் காகிதப் பொட்டலம் வந்தது. உள்ளே மூன்று பிராக்கெட்டுகள்.

"கடைசி நாள்லகூட விடலையா நீ? சரி, சாய்ஞ்சுக்கோ. இனி உனக்கும் தொல்லையில்ல, எனக்கும் தொல்லையில்ல. ஆசை தீரக் கொறி."

குறடு ஒன்றை எடுத்து முதல் பிராக்கெட்டில் வைத்தாள். அரீஜின் கை எழும்பி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"வேண்டாம் டாக்டர்."

"என்ன வேண்டாம்?"

"கழட்ட வேண்டாம். கம்பி இருக்கறவரைக்கும்தான் கல்யாணம் இல்ல." பெண் எழுந்து உட்கார்ந்தாள். "அதுக்காகத்தான் உடைச்சேன். ஒவ்வொரு தடவையும். இங்க வர்றதுக்கு முன்னாடி கதவைச் சாத்திக்கிட்டு, விதைய வச்சு வச்சுக் கடிப்பேன். பெயர்ற வரைக்கும்."

மைசூன் குறட்டைத் தட்டில் வைத்தாள்.

"ஏன், அந்தப் பையன் அடிச்சானா?"

"இல்ல. நிச்சயத்தன்னிக்கு போட்டோ எடுக்கும்போது, 'வாய மூடிக்க, கம்பி தெரியுது'ன்னார். மூடிக்கிட்டேன். அப்புறம் அவங்க வீட்டுல ஏதோ பேச்சுக்குச் சிரிச்சேன். எல்லார் முன்னாடியும், 'கம்பி கழட்டின பிறகு சிரி'ன்னார். சரி, கம்பிதான் அவருக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். ஒருநாள் வேலைக்குப் போகணும்னு இருக்கேன்னு சொன்னேன். 'வாய மூடு'ன்னார். அது போன்ல, டாக்டர். போன்ல கம்பி தெரியாதே."

"உங்க அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஃபாத்திஹா ஓதியாச்சுன்னு சொல்லுவார். உங்ககிட்டச் சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன்."

"வந்து?"

"நீங்க திட்டிக்கிட்டே இருந்தீங்க."

மைசூனுக்கு முகம் சுட்டது. ஊரில் ஒவ்வொருத்தரும் இந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்: மூடு, சிரிக்காதே, சரி என்று சொல். தான் சொன்னது மட்டும் என்ன பெரிய வார்த்தை? வாயைத் திற என்று மாதாமாதம் சொல்லிவிட்டு, திறந்த வாயில் பல்லைத் தவிர வேறெதையும் அவள் தேடவில்லை. உம் முஹன்னத்தை எவ்வளவு கேவலமாக நினைத்தாளோ, அவ்வளவு கேவலமாகத் தன்னையும் அந்த நிமிஷம் நினைத்தாள். இன்னும் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் அந்தப் பல்லின் கதை முடிந்திருக்கும். அதுவும் வெறும் எரிச்சலில்.

மூன்று பிராக்கெட்டுகளையும் திரும்ப ஒட்டினாள். இந்தத் தடவை வையவில்லை. சங்கிலியை இறுக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள்.

"இதக் கேட்டுக்கோ. பல்லுக்கு இன்னும் நாள் ஆகும்கறது உண்மை, அத நான் சொல்லுவேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். பல்லு ஒருநாள் வந்து சேர்ந்துரும், அன்னிக்கு எதைக் கடிப்பே? கல்யாணம் வேண்டாம்கறத நீதான் சொல்லணும். பக்கத்துல நான் நிக்கறேன்."

அரீஜ் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எழுந்தாள்.

கதவு திறந்ததும் நாத்தனார் ஒருத்தி குலவையை ஆரம்பித்தாள். அரீஜின் வாயைப் பார்த்ததும் அது பாதியில் செத்தது.

"இரும்பு அப்படியே இருக்கே!" என்றாள் உம் முஹன்னத். "டாக்டரம்மா, ஜாஹாவுக்கு வாக்குக் குடுத்தாச்சு. காப்பி குடிச்சாச்சு!"

"குடிச்சது நானில்ல" என்றாள் மைசூன். "யாரு குடிச்சாங்களோ, யாரு குடுத்தாங்களோ, அவங்க வந்து நாற்காலியில படுக்கட்டும். இதோ இவரு இருக்காரு. இவரு வாயில கழட்டறதுக்குப் பல்செட்டு ஒண்ணுதான் இருக்கு, வேணும்னா இப்பவே கழட்டித் தர்றேன், கொண்டு போய் ஹாஜி ஃபவ்வாஸ்கிட்டக் குடுங்க."

அத்தல்லா வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"மைசூன்!" என்று விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"பாருங்கடி இந்தப் பொம்பளைய!" உம் முஹன்னத் நாத்தனார்களிடம் திரும்பினாள். "புருஷன் வாக்கக் காலடியில போட்டு மிதிக்கறா! வாடி அரீஜ், ஊருல இவ ஒருத்திதான் டாக்டரா? அடுத்த தெருவுல போய்க் கழட்டிக்கலாம்."

"வரல மாமி" என்றாள் அரீஜ்.

"என்னது?"

"கழட்ட வரல. கல்யாணத்துக்கும் வரல." மோதிரத்தைக் கழற்றி பக்லாவாப் பெட்டியின் மேல் வைத்தாள். பேசும்போது கம்பி முழுக்கத் தெரிந்தது. அவள் மூடிக்கொள்ளவில்லை. "எனக்கு உங்க மகனைப் பிடிக்கல. கம்பி இருந்தாலும் பிடிக்கல, இல்லாட்டியும் பிடிக்கல."

அதற்குப் பிறகு உம் முஹன்னத் பேசியவற்றை எழுதத் தேவையில்லை. தெரு முழுக்கக் கேட்டது. பெட்டியை மட்டும் அவள் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

அரீஜின் தகப்பன் ஒரு வாரம் மகளோடு பேசவில்லை, பிறகு பேசினார். அத்தல்லா தன் அக்கா வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் சமையல் எப்படிப்பட்டது என்று மைசூனுக்குத் தெரியும், எனவே அவள் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். ஹாஜி ஃபவ்வாஸ் குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளை வேறு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். நல்லதாயிற்று, அத்தனையும் விதை கொறிக்கிற கும்பல் என்றாள் மைசூன்.

அடுத்த மாதம் அரீஜ் தனியாக வந்தாள். கையில் காகிதப் பொட்டலம் இல்லை. மைசூன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பிராக்கெட்டாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுகூட அசையவில்லை. ஈறுக்கு வெளியே கோரைப்பல்லின் நுனி, அரிசி முனை அளவுக்கு, வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

வைவதற்கு ஒன்றும் கிடைக்காமல் மைசூன் கொஞ்சம் திண்டாடினாள். "விதையெல்லாம் விட்டாச்சா?" என்று கேட்டு வைத்தாள்.

அரீஜ் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு விதைன்னாலே ஆகாது டாக்டர். ஒரே உப்பு."